பத்துக் காசு

பன்னிரண்டு மணிநேரக் காவல் முடிந்து
பூட்ஸைக் கவிழ்த்தேன்.
விழுந்தது பத்துக் காசு.
ஈசூன் கொண்டோவின் பதினாறு மாடியும்
அதை மிதித்தபடிதான் ஏறி இறங்கியிருக்கிறேன்.

கண்ணாடித் தட்டில் நிற்கச் சொன்னாள் ஹுய் லிங்.
திரையில் என் பாதம்: பச்சை, மஞ்சள்,
பெருவிரலுக்குக் கீழே ஒரே சிவப்பு.
வலிக்கிறதா அங்கிள் என்றாள்.
எனக்கெப்படித் தெரியும்,
திரையைக் கேளம்மா.

மூன்று வாரத்தில் அச்சுப்பொறி
இழை இழையாய் இட்டுத் தந்தது
இரண்டு உள்ளட்டைகள்.
சிவந்த இடத்தில் மட்டும் தேன்கூடு;
இனிப்பு ஆகாதவனுக்கு இது ஒன்றுதான் அனுமதி.
கைவிரலால் அழுத்தினேன். அமுங்கி எழுந்தது.
காலுக்குச் சேதி போகவில்லை.

இப்போதெல்லாம் மாட்டுவதற்கு முன்
உள்ளே கைவிட்டுத் துழாவுகிறேன்,
வருகிறவர் பையைச் சோதிப்பதுபோல.
அந்தக் காசு
கோப்பி ஓ கோசோங்கில் போயிற்று.