மேக மூட்டம்: பூஜ்யம் சதவீதம்

ஐந்து நாளைக்கு ஒருமுறை
காலை பத்தரை வாக்கில்
சென்னையைக் கடந்து போகிறது அது.
மத்திய கைலாஷ் சிக்னலில்
சிவப்பு விழுந்து மாறுவதற்குள்
நெல்லூரில் தொடங்கிக் கடலூரைத் தாண்டியிருக்கும்.

தரமணியில் மூன்றாம் மாடி.
ஏசிக்குக் கீழே ஒரு வாளி,
சொட்டுவது செடிக்கு.
என் திரையில் செம்பரம்பாக்கம்
கறுப்பாக இருக்க வேண்டும்.
அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும்,
திருப்பித் தராது.
கறுப்பு என்றால் நீர்.
மூன்று வருடமாகக்
கறுப்பைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

மார்ச்சில் அது ஓர் உள்ளங்கை.
ஏப்ரல் கடைசியில் சுண்டுவிரல்.
மே நடுவில் ஒரு படம்,
மதகை ஒட்டி இருபத்திமூன்று கட்டங்கள்.
கட்டம் ஒன்று பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்.
நிரல் எண்ணிய பிறகும்
திரையில் விரல் வைத்து எண்ணினேன்.

போரூர் ஏரி வேறு மாதிரி ஏமாற்றும்.
ஆகாயத்தாமரை மூடிய இடத்தை
வயல் என்று எழுதிவிடும் நிரல்,
அதுவும் நல்ல விளைச்சல் என்று.
அதனால் நேரில் போக வேண்டும்.
மேலே அது கடக்கும் அதே பத்தரைக்குக்
கீழே நான் படகில் இருக்க வேண்டும்.
துளசிங்கம் துடுப்பால் இலையை ஒதுக்கிக் கொடுப்பார்.
வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குவேன்.
எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவு கலங்கல்.
ஒன்றரைச் சாணில் மறைந்தது.
"இதுக்கு மேல ஒண்ணு சுத்தணுமா,
மோந்து பாத்தாத் தெரியாது?"
மோந்து பார்த்தேன்.
பச்சை நிறமி கன மீட்டருக்கு இத்தனை என்று
அறிக்கையில் எழுதினேன்.
நாற்றத்துக்கு அலைநீளம் இல்லை.

வீடு சூளைமேட்டில்.
தண்ணி லாரிக்கு வட்டப்பாதை கிடையாது.
டிரைவர் போன் எடுக்க மாட்டார்.
ஹசீனாவின் டிரம்மில் பதினாலு என்று சுண்ணாம்பால் எழுதியிருக்கும்,
என்னுடையது பதினைந்து.
ஒருநாள் ராத்திரி ஒன்றரைக்கு வந்தது.
நைட்டியோடு பாதித் தெரு.
"ஆபீஸ்ல ஏரியெல்லாம் தெரியுமாமே,
லாரி எங்க நிக்குதுன்னு தெரியாதா?"
தெரியாது.
எங்கள் தெரு ஒரு கட்டத்தின் அகலம்கூட வராது.

ஆனால் ஒரு படத்தில்
எங்கள் வரிசைக்கு நேராக
ஒரு கட்டம் கறுப்பு.
தண்ணீர் என்றது நிரல்.
புதிதாக எழுந்த அடுக்குமாடியின் நிழல் அது.
பிழை என்று குறித்து நீக்கினேன்.
நீக்குவதற்கு முன்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்ல வெட்கமாயிருப்பது ஒன்று உண்டு.
மேகம் எனக்கு ஆகாது.
மேகம் வந்தால் படம் கெட்டது,
ஐந்து நாள் போச்சு.
அந்தக் கோடையில் என் தரவு அவ்வளவு சுத்தம்.
மேக மூட்டம்: பூஜ்யம் சதவீதம்.
வரிசையாக எட்டுப் படங்கள்.
இவ்வளவு நல்ல தொடர் இதுவரை கிடைத்ததில்லை என்று
கூட்டத்தில் சொன்னார் வசுமதி மேடம்.
கை தட்டினார்கள். நானும்தான்.
மதியம் கேண்டீனில்
கைகழுவும் இடத்துக்குப் பூட்டு.

ஜூனில் ஒரு வியாழக்கிழமை
படத்தைத் திறந்தேன்.
திருவள்ளூரிலிருந்து கடல் வரை வெள்ளை.
ஏரி இல்லை, தெரு இல்லை,
ஒரு கட்டமும் தேறாது.
குறிப்பில் விதிப்படி எழுத வேண்டியது
'பயன்படாது'.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

போனில் ஹசீனா.
"மொட்டைமாடி டிரம்முக்கெல்லாம் மூடியைத் தூக்கிட்டேன்,
உங்களுதையும் தூக்கவா?"
தூக்குங்க என்றேன்.
"பெய்யுமாக்கா?"
திரையில் இருப்பது பத்தரை மணி வானம்.
இப்போது மூன்றே கால்.
எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.