ஒன்றை நீக்கவா?

ராகலையில் மழை. கடையின் மாடியறை.
கீழே உரமூட்டை இறக்குகிறார்கள்;
ஒவ்வொரு மூட்டைக்கும் என் மேசை ஒரு தரம் அதிர்கிறது.

முதல் மென்பொருள்
மார்ச் நாலில் வந்த காசை ஏப்ரல் மூன்றில் வைத்தது.
பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு வந்ததை
வந்ததாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது அழகு. பச்சைப் பொத்தான்கள்.
ஆனால் யாராவது தமிழில் குறிப்பெழுதிக் காசு போட்டால்
வரிசையாகக் கேள்விக்குறி.
விதைக்கிழங்குக் கடனை அடைத்த மனிதர்
பத்துக் கேள்விக்குறியாக நின்றார்.

முதலாளி ஆரோக்கியம் படியேறி வந்து
"எது மலிவு?" என்று மட்டும் கேட்டுப் போனார்.

மூன்றாவது, வங்கிக் கோப்பை விழுங்கிவிட்டு
சற்று யோசித்து மஞ்சளில் கேட்டது:
ஒரே நாள், ஒரே பேர், ஒரே ஏழாயிரத்து ஐந்நூறு.
இரட்டைப் பதிவு போலிருக்கிறது. ஒன்றை நீக்கவா?

எஸ். பவளக்கொடி.
ஒருத்தி மேக்கணக்கு, ஒருத்தி கீக்கணக்கு.
தோட்டத்தில் பிரிவுக்கும் கணக்கென்றுதான் பேர்;
அதை எந்தக் கம்பனிக்கு எழுதிச் சொல்ல?
ஒரே குடையில் வந்து
லீக்ஸ் விதை கடனுக்கு வாங்கிப் போனவர்கள்.

கொழுந்து குறைந்த நாளில்
அம்மாவுக்கு அரைப்பேர் போடுவார்கள்.
யாரும் கேட்டுப் போட்டதில்லை.

'வேண்டாம்' என்று அழுத்தினேன்.
இரண்டு பேரும் முழுசாக விழுந்தார்கள் பேரேட்டில்.

மலிவில்லை. மாதம் நாலாயிரத்துச் சொச்சம்.
ஆரோக்கியத்திடம் எப்படிச் சொல்வதென்று
இன்னும் தெரியவில்லை.
அதோடு ஒரு முந்நூற்றைம்பது ரூபாய்
எந்த வரியிலும் பொருந்தாமல் நிற்கிறது,
மழைக்கு ஒதுங்கின ஆள் மாதிரி.