வாசம் வராது

எனாமல் அடித்த வருஷங்களில்
மூன்று நாள் வீட்டில் நிற்க முடியாது.
தலைவலி என்று சொல்லி
பேரணாம்பட்டு பஸ் ஏறிவிடுவேன்,
அக்கா வீட்டில்
யாருக்கும் டீ போடாமல் தூங்க.

இந்த முறை முனவர் பாய்
டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டுகிறார்:
"தண்ணி பெயின்ட்டும்மா, வாசமே வராது.
மதியம் அடிச்சா ராத்திரி இங்கேயே படுக்கலாம்."
அவருக்குச் சந்தோஷம்.
வீட்டுக்காரருக்கு அதைவிட.

பிரஷ் கழுவ ரெண்டு வாளி கேட்கிறார்.
சத்துவாச்சாரியில் குழாய் வந்து
ஒன்பது நாள்.
எனாமலுக்கு அரை லிட்டர் மண்ணெண்ணெய் போதும்.
தொட்டியின் அடியைச் சொம்பால் சுரண்டி ஊற்றுகிறேன்.

கதவுகள் வெளுக்கின்றன,
ஒரு குற்றமும் இல்லாமல்.

"வாசல் கேட்டுக்கு?" என்றேன்.
"இரும்பும்மா... அதுக்கு எண்ணெய் பெயின்ட்தான்."

நல்லது.
ரெண்டு கோட் அடிங்க, பாய்.