மறுபாதி

ஒக்டோபர். சின்ன உப்போடையில்
மாதா சொரூபம் வீடு வீடாய்ப் போகிற மாதம்.
பங்குப் பட்டியலில் இன்றைய திகதிக்கு நேரே
எங்கட வீடு.
எங்கட என்றால் யார்?
நானும் ஒரு பிரிட்ஜும்.

எமில்டா தொடங்குவாள், நான் முடிப்பேன்.
முப்பத்தொரு வருசம் செபமாலை அப்படித்தான் நடந்தது.
அவள் போனபிறகு கட்டில் ஓரத்தில் இருந்து
முதற்பாதியையும் நானே சொல்கிறேன்,
குரலைக் கொஞ்சம் தாழ்த்தி மறுபாதியையும்.
தனக்கே கடிதம் எழுதி, தானே தபாற்காரனாகி,
தன் கதவைத் தானே தட்டுகிறவன் மாதிரி.

இதில் இன்னொரு கரைச்சல்.
'எங்கள்' வருகிற இடமெல்லாம் நாக்கு இடறும்.
கேட்பவனைச் சேர்க்காத பன்மை அது.
ஆகவே கடவுள் அதற்குள் இல்லை.
எமில்டாவும் இல்லை.
இருபத்தேழு வருசம் தமிழ் படிப்பித்தவன் நான்,
பூட்டிய அறைக்குள்
இரவுக்கு ஐம்பத்துமூன்று தடவை
இலக்கணப் பிழை விட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்குக் கதிரை இரவல் வாங்கினேன்.
வாவிப் பக்கம் மழை கறுத்தது.
பேக்கரி மெற்றில்டா வந்தாள், மூன்று பிள்ளைகளோடு;
கடைசிப் பெடியனின் ஒரு காலில் மட்டும் செருப்பு.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிற டொமினிக்.
கொழும்பிலிருந்து லீவில் வந்து
போனைக் கையைவிட்டு இறக்காத ஒருத்தி.

சொரூபத்தை நேற்றைய வீட்டுக்காரர்தான் தூக்கிவர வேண்டும்.
நேற்றைய வீடு கிளறன்ஸின் வீடு.
கிளறன்ஸுக்கும் எனக்கும் மதில் வழக்கு.
பதினொரு அங்குலம், ஐந்து வருசம்.
என் பலாக் கொப்பை அவர் வெட்டினார்.
அவருடைய தண்ணீர்க் குழாயை நான்...
வேண்டாம், அதைப் பேசக்கூடாது என்று சட்டத்தரணி சொன்னார்.
எமில்டாவின் செத்தவீட்டுக்குக்கூட
கேற்றடி மட்டும்தான் வந்து நின்றார்.

இன்றைக்குக் கேற்றைத் தாண்டினார்.
இரண்டு கையிலும் மாதா.
கை கொடுக்கவும் முடியாது,
ஓங்கவும் முடியாது.

மூன்றாம் தேவ இரகசியம் வீட்டுக்காரன் முறை.
நான் வாய் திறக்கக் கறண்ட் போனது.
ஒருவரும் எழும்பவில்லை.
சொரூபத்தடியில் ஒரு மெழுகுதிரி,
மற்றதெல்லாம் இருட்டும் மூச்சும் ஈரக்குடை மணமும்.
முதல் மணி, இரண்டாம் மணி.
என் பாதி முடிகிற இடத்தில்
இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று
நாலாம் மணியில்தான் உறைத்தது.
தொண்டை அடைத்துக்கொண்டது.
வசனம் நடுவில் நின்றது,
பாதியிலும் பாதி.

தகரத்தில் மழை.
யாரோ இருமினார்கள்.
பிறகு என் இடப்பக்கம், பீடி மணக்கிற ஒரு குரல்,
நான் விட்ட சொல்லில் இருந்தே எடுத்தது.
தெரிந்த குரல்தான்.
கோட்டில் என்னைப் பொய்யன் என்ற குரல்.
என் பாதியை அது முடித்துவைக்க
மற்றப் பாதிக்குள் எல்லாரும் இறங்கினார்கள்:
டொமினிக் பஸ் பிடிக்கிற அவசரத்தில்,
பெடியன் ஒரு சொல் பிந்தி,
கொழும்புக்காரி மறந்த இடங்களை முனகி முனகி.
ஒருவர் வேகம் மற்றவருக்கில்லை.
ஆனாலும் 'இப்பொழுதும்' வந்ததும்
முந்தியவர்கள் நின்றார்கள்,
பிந்தியவன் வந்து சேரும்வரை.
'எங்களுக்காக' என்றோம்.
எத்தனை பேர் என்று எண்ணப் பார்த்தேன்,
இருட்டில் முடியவில்லை.
பிழை இல்லை, அதுமட்டும் தெரிந்தது.

கறண்ட் வந்தது. பிளேன்ரீ ஊற்றினேன்.
சீனி கூடிப்போச்சு என்றார் கிளறன்ஸ்,
பிறகு இரண்டாம் கோப்பையும் வாங்கிக் குடித்தார்.

அடுத்த தவணை பதினெட்டாம் திகதி.
பதினொரு அங்குலம் பதினொரு அங்குலம்தான்.
நான் விடமாட்டேன், அவரும் விடமாட்டார்.
ஆனால் நாளைக்குப் பின்னேரம்
பேக்கரி ஒழுங்கைக்கு மாதாவைத் தூக்கிப்போவது என் முறை.
இரண்டு கையும் வேண்டும்.
மழை விடுகிற மாதிரியும் இல்லை.

கேற்றடியில் செருப்பை மாட்டிக்கொண்டு,
கையிலிருந்த குடையைப் பார்த்தபடி
கிளறன்ஸ் கேட்டார்:
"எத்தினை மணிக்கு?"