ஏழாம் எண் தீவு

பொறியாளர்கள் அதைத் தீவு என்றுதான் சொல்கிறார்கள்.
இரண்டு பாதைகளுக்கு நடுவே நீளும் சிமெண்ட் மேடை,
முனையில் கறுப்பு மஞ்சள் பட்டை,
மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு.
கிருஷ்ணகிரி டோல்கேட்டின் ஏழாவது தீவில்
ஆறு வருடமாக இருக்கிறேன்,
நாளுக்கு எட்டு மணி நேரம்.

காஷ்மீர் ஆப்பிள் என்னைத் தாண்டிப் போகிறது.
ஓசூர் ரோஜா போகிறது.
இன்னும் ஒரு தெருகூட ஓடாத ஸ்கூட்டர்கள்
லாரிக்குள் நின்றபடி கன்னியாகுமரி போகின்றன.
லிமாசோல் என்று எழுதிய கண்டெய்னர் ஒன்று
ஒருநாள் போனது.
போனில் தேடினேன்.
அதுவும் தீவாம்.

லைசென்ஸ் வந்த பதினோராம் நாள்
ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே
அஸ்லமிடம் ஒரு வெள்ளைக் காரை
இருபத்துநாலு மணி நேரத்துக்கு எடுத்தேன்.
என் ஸ்கூட்டர் அவனிடம் அடமானமாய் நின்றது.
போனைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தான்.
"முன் பம்பர் கீறல், பழசு.
டிக்கி நசுங்கல், பழசு.
கண்ணாடி விரிசல், பழசு."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"யாராவது நிறுத்திக் கேட்டா
அண்ணன் வண்டின்னு சொல்லிடுங்க மேடம்."

எனக்கு அண்ணன் இல்லை.
முந்நூறு கிலோமீட்டருக்கு ஒருவன் கிடைத்தான்.

அணைக்குப் போனேன்.
மதகு ஒன்றில் மட்டும் தண்ணீர்,
ரசாயன நுரையோடு.
மீன் வறுக்கும் கடையில் காரைப் பார்த்துவிட்டு
"எத்தனை பேரும்மா?" என்றார்கள்.
ஒரு ஆள் என்றேன்.
இரண்டு தட்டு வைத்தார்கள்.
இரண்டையும் தின்றேன்.

காவேரிப்பட்டணம் தாண்டிக் கைகாட்டி நிறுத்தினார் ஒரு ஏட்டு.
"யார் வண்டி?"
"அண்ணன் வண்டி சார்."
"அண்ணன் என்ன பண்றார்?"
"கப்பல்ல இருக்கார்."
எங்கிருந்து வந்தது அந்தக் கப்பல்,
எனக்கே தெரியாது.
"எந்தக் கடல்?"
"மத்தியதரைக் கடல். லிமாசோல்."
லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"முனிரத்னா. சரி.
வரச்சே எனக்கு ஒரு டார்ச் லைட் வாங்கியாரச் சொல்லு."
சொல்கிறேன் என்றேன்.
உண்மையாகவே சொல்வேன் போலிருந்தது.

பாலக்கோடு வழியாய் ராயக்கோட்டை.
மண்டி வாசலில், தக்காளி லாரிகளுக்கு நடுவே,
மேட்டில் வண்டி அணைந்துவிட்டது.
பின்னால் எட்டுத் திசைக்கும் ஹாரன்.
கிளட்ச், பிரேக், கிளட்ச், எது எது?
கூடை தூக்கிய ஒருவன்
பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை உதைத்துத் தள்ளி
"நிதானங்கா அக்கா" என்றான்.
நிதானமாக ஏறினேன்.
கல்லுக்கு நன்றி சொல்ல நிறுத்தினால்
மறுபடி அணையும்.

உத்தனப்பள்ளி, சூளகிரி. இருட்டு.
நெடுஞ்சாலையில் சேர்ந்ததும்
எனக்குத் தெரிந்த அத்தனை லாரிகளும்
முதல்முறையாக என்னுடன் வந்தன.
எதிரில் வரும்போது அவை எண்கள்.
பக்கத்தில் வரும்போது
டிரைவர்கள் பாடுகிறார்கள், பல் குத்துகிறார்கள்,
ஒருவன் அழுதுகொண்டே ஓட்டினான்.

ஏழாம் பாதைக்குத்தான் போனேன்.
அஸ்லமின் ஃபாஸ்டாக்கில் காசில்லை,
சிவப்பு எரிந்தது.
கூண்டுக்குள் சம்பங்கி.
நான் பார்ப்பதுபோலவே பார்த்தாள்,
முகத்தை இல்லை, கையை.
"கேஷ்னா டபுள்."
நீட்டினேன்.
என் பித்தளை வளையலில் அவள் கண் நின்றது.
"ஏய்! நீயா? யார் வண்டிடி?"
"அண்ணன் வண்டி."
"எந்த அண்ணன்?"
தடுப்புக்கட்டை எழுந்துவிட்டது.
பின்னால் ஒரு பால் டேங்கர் பொறுமையிழந்தது.
சிரித்துக்கொண்டே கிளம்பினேன்,
சிரிப்பில் ஸ்டியரிங் கொஞ்சம் வலது பக்கம் போனது.
என் தீவின் ஓரம் கதவில் கிறீச்சிட்டது.

காலையில் அஸ்லம் குனிந்து பார்த்தான்.
வலது கதவில் முழ நீளத்துக்குக் கோடு,
அதில் கொஞ்சம் மஞ்சள் பெயிண்ட்.
"இது புதுசு."
"ஆமா, புதுசு."
ஐந்நூறு பிடித்துக்கொண்டான்.
ரசீது கேட்டேன்,
பழக்கம்.