நீக்கப்பட்டவை

முந்நூற்றுப் பன்னிரண்டு.
முதுகலை ஆய்வுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.
'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று
சாம்பல் நிறத்தில், ஒருபக்கம் சாய்ந்து,
முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை.

'இல்லாததை எப்படி ஆராய்வாய்?' என்றார்
பேராசிரியர் யெர்கோ.
அன்று இரவே ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.
அவருடைய கட்டைவிரலை இரண்டு வருடமாகப் படிக்கிறேன்;
கோபத்திலும் அதே மஞ்சள்.

புன்டா அரேனஸில் காற்று
ஆளையே கிளப்பும் நாட்களில்
நகராட்சிக்காரர்கள் தெருவோரம் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துப் பிடித்துப் போய்த்தான்
பேட்டிகள் எடுத்தேன்.

நெலிடா பாரியா, நண்டு ஆலையில் இரவு ஷிஃப்ட்.
அக்காவும் அவளும் ஒரே வீடு,
நடுவில் ஒரு பலகைச் சுவர்.
பேசி மூன்று வருடம் ஆகிறது.
போனில் மட்டும்:
கேஸ் தீர்ந்துவிட்டது.
பூனைக்கு வைத்தாயிற்று.
தபால் வந்திருக்கிறது.
ஜூன் பத்தொன்பது, அதிகாலை நாலு பத்துக்கு
ஒன்றை எழுதி அழித்திருக்கிறாள்.
'என்ன எழுதினீர்கள்?'
எலுமிச்சை தேய்த்தும் வாடை போகாத விரலால்
மேஜையிலிருந்த ரொட்டித் துகளை ஓரம் ஒதுக்கினாள்.
'பூனையைப் பற்றித்தான்.'
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ரிகோபெர்த்தோ ஓயார்சோ
ஆறு செய்திகளை அழித்தவர்,
எல்லாம் ஒரே எண்ணுக்கு.
'எழுத்துப்பிழை' என்றார்.
ஆறிலுமா?
'ஆறிலும். நான் எங்கே படித்தேன்?'
ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்து
அச்சுக் கோத்ததுபோல் இருந்தது.

அட்டவணை போட்டேன்.
பிழை: இருநூற்று ஒன்று.
ஆள் மாறிப் போனது: அறுபத்து நான்கு.
ஞாபகமில்லை: நாற்பத்தேழு.
பொய் என்று ஒரு கட்டம் வரைந்து
இரண்டு நாள் காலியாக வைத்திருந்து
அதையும் அழித்தேன்.

சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாதாம்.
இப்போது அள்ளலாம்.
அள்ளிய இடம்தான் காட்டிக்கொடுக்கிறது:
இரவெல்லாம் பனி விழுந்த தெருவில்
விடியுமுன் கிளம்பிப்போன காரின்
கறுத்த நீள்சதுரம்.
யாருடைய கார், எங்கே போனது, தெரியாது.
நின்றிருந்தது. அது தெரியும்.
இதை முடிவுரையில் எழுதினேன்.
பக்கத்தில் சிவப்பில் யெர்கோ கேட்டிருந்தார்:
ஆதாரம்?

நேற்று இரவு ஒன்றே முக்கால்.
அண்ணன் டாங்கோ வடக்கே
அன்டோஃபகஸ்டாவில் செம்புச் சுரங்கத்தில் இருக்கிறான்.
அவனுக்கு எழுதினேன்:
அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்
நீ டிக்கெட்டே எடுக்கவில்லை,
புயலால் விமானம் ரத்து என்றாயே,
அன்று இங்கே புயலே இல்லை.
அனுப்பினேன்.
பதினோரு விநாடி.
நீக்கினேன்.
சாம்பல் எழுத்து வந்து உட்கார்ந்தது.

அங்கே மூன்று புள்ளிகள் துள்ளின.
நின்றன.
மறுபடி துள்ளின.
நாலு வருடத்தில் நாங்கள் இருவரும்
அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை.
கடைசியில்: 'என்ன அது?'

எழுத்துப்பிழை என்று எழுதினேன்,
ஒரு பிழையும் இல்லாமல்.

அதைத் தரவில் சேர்க்கவில்லை.
ஆய்வாளர் தன்னையே எண்ணக்கூடாது என்பது விதி.
ஒருவர் படித்து முடிக்கப்
பதினோரு விநாடி போதுமா என்று
யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.
சின்ன வயதில் அவன்
விரல் வைத்து வைத்துத்தான் படிப்பான்.

காலையில் நூலகத்துக்குக் கிளம்பினால்
நல்ல காற்று.
கயிற்றில் எனக்கு முன்னால் நாலைந்து பேர்,
குனிந்த தலை, மஃப்ளருக்குள் முகம்.
வாயைத் திறந்தால் காற்றுதான் நிரம்பும்.
முன்னால் யாரோ பிடியை மாற்றினார்கள்;
என் உள்ளங்கையில் தெரிந்தது.
நானும் மாற்றிப் பிடித்தேன்.