எத்தனை, கடைசியாக எப்போது

மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு
இணைப்பு என்றால் என்னவென்று தெரியும்.
முறுக்கி டேப் சுற்றினாலும் ஓடும்,
ஒரு வாரம்.
நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப்பழம் உரிக்கும் மெஷினுக்கு
ஒருமுறை அப்படித்தான் செய்தேன், அவசரம் என்றார்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள்
போன் வந்துவிட்டது, புகை என்று.

ஆகவே கேட்டேன்.
ஐந்து ரோடு பக்கம், கண்ணாடிக் கட்டிடம்,
லிஃப்ட்டுக்குள்ளேயே குழந்தை சிரிக்கும் படம்.
"இதுவரை எத்தனை பேருக்குச் சேர்த்திருக்கீங்க, சார்?
கடைசியாக எப்போ?"
டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"நிறைய."
நிறைய என்பது எந்த மீட்டரிலும் இல்லாத அளவு.
வெளியே டை கட்டிய பையன்
இன்றே முன்பணம் கட்டினால் பத்தாயிரம் குறையும் என்றான்.
கோகிலவாணி என் சட்டையைப் பின்னால் இழுத்தாள்.

பதினொரு வருஷமாகிறது.
சுகாதார நிலையம், ஒரு புதன்கிழமை, கால் மணி நேரம்.
இரண்டாவது பெண் பிறந்த கையோடு
சரளாவுக்கு ரத்தம் ஆறுதான் என்றார்கள்.
அவளை இன்னொரு தடவை மேசையில் ஏற்ற மனமில்லை,
நானே போனேன்.
குகையில் எங்கள் தெருவில் அப்படிப் போன முதல் ஆள்.
டீக்கடையில் பட்டப்பெயர்கூட வைத்தார்கள்.
சரளா இப்போது இல்லை; அது வேறு நோய்.
போனதற்காக இன்றும் வருந்தவில்லை.
இதை எல்லோரிடமும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது,
கோகிலவாணியிடம் தவிர.

சூரமங்கலத்து டாக்டர் நல்லவர்.
"வருஷத்துக்கு ரெண்டு வந்தா பெருசு.
என் தம்பியா இருந்தா நான் கை வைக்க மாட்டேன்."
ஃபீஸ் வாங்கவில்லை. சீட்டில் ஒரு பெயர் எழுதினார்.

பெண் பெயர்.
இரண்டு நாள் அந்தச் சீட்டு
மல்டிமீட்டர் டப்பாவுக்குள் கிடந்தது.
"பிரசவத்துக்கு நாங்க ஆம்பள டாக்டர்கிட்ட போகலையா?"
அவ்வளவுதான் கேட்டாள்.

அஸ்தம்பட்டியில், மாடியில்,
ஜன்னல் நிறைய சேர்வராயன் மலை.
டாக்டர் மெர்சி ஆக்னஸ் முதலில் என்னை விசாரிக்கவில்லை,
அவளை விசாரித்தார். வயது, மாதக் கணக்கு, ஸ்கேன்.
"இவங்க பக்கம் அடைப்பு இருந்தா
உங்களை வெட்டி என்ன பிரயோஜனம்?"
பிறகு என் இரண்டு கேள்வி.
நீல நோட்டு ஒன்றை எடுத்தார்.
இருநூற்று முப்பத்தொன்று. போன செவ்வாய்.
"விந்தணு திரும்ப வந்தது இத்தனை. வராதது இத்தனை.
வந்தும் பிள்ளை தங்காதது இத்தனை."
மூன்றாவது கணக்கை நான் கேட்கவேயில்லை.

மைக்ராஸ்கோப் சொந்தமா?
சொந்தம், கடன் இன்னும் முடியவில்லை.
நூல்?
முடியைவிடச் சன்னம், கீழே விழுந்தால் தேட மாட்டோம், வேறு எடுப்போம்.
நான் கேட்கத் தெரியாததையும் அவரே சொன்னார்:
"திறந்தா, முனையில வர்ற நீர் களிம்பா இருக்கலாம்.
அப்போ இன்னும் கீழே இறங்கிச் சேர்க்கணும்.
அது தெரியாதவங்க அங்கேயே சேர்த்து மூடிடுவாங்க.
வெளியே தையல் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

எனக்கு நாகலூர்ப் புகை வாசம் அடித்தது.

"என்ன வேலை பார்க்கறீங்க?"
சொன்னேன்.
"இணைப்பு பிடிச்சுதான்னு எப்படித் தெரியும்?"
ஓடவிட்டு, ஆம்பியர் பார்த்து.
"எனக்கு அதுக்கு ஆறு மாசம் ஆகும்.
வராமலும் போகலாம். அப்பவும் பில் இதே பில்தான்."

வெள்ளிக்கிழமை. வெறும் வயிறு.

ராத்திரி கரண்ட் போனது.
கடையில் இருந்ததிலேயே சன்னக் கம்பி, நாற்பத்திரண்டு கேஜ்,
ஒரு துண்டு எடுத்து நறுக்கினேன்.
நறுக்க ஒரு நொடி.
முறுக்காமல், உருக்காமல், முனையோடு முனை
நேராக நிற்குமா என்று பார்த்தேன்.
கோகிலவாணி டார்ச் பிடித்தாள்.
"ஆட்டாதே."
"நான் ஆட்டல."
ஒரு துண்டு கைதவறி விழுந்தது.
சிமெண்டுத் தரையில் கன்னம் படக் குனிந்து
இரண்டு பேரும் தேடினோம்,
அந்த டாக்டரம்மா தேட மாட்டோம் என்றது
அவளுக்கு ஞாபகம் வரும்வரை.
பிறகும் கொஞ்ச நேரம்.